தலைக்கு முந்திய பாதம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பெரியோர் பாதத்தில் விழுந்து வணங்குவதுகூடப் பாதத்தின் சொந்தப் பெருமையினால் அன்று, வணங்குகிறவனுடைய சிரசு அவ்வளவு தூரம் தாழ்ந்துவிட்டது என்று காட்டுவதற்காகத்தான். இந்த மனோபாவம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைப்பதற்கில்லை. மனித வம்சத்தின் பூர்விகத்தை மண்ணுக்குள் தேடப் புறப்பட்ட ஐரோப்பியப் பண்டிதர்களில் பெரும்பாலோர், வானரக் கிளையினின்று மனிதன் பிரிந்த கதையில் முதலில் பெருத்தது மூளையாகத்தான் இருக்க வேண்டும், புத்தி விருத்தியான பிறகே அந்தப் புத்தியின் ஏவலால் முதுகு நிமிர்ந்து கைகள் விடுதலை பெற்றிருக்க வேண்டும் என்பதை, யாரும் நிரூபிக்காத போதிலும், நிரூபணமே வேண்டாத சத்தியமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நிலத்தினின்று எலும்புகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு இந்தச் சத்தியத்தைப் பொய்யாக்கிய விருத்தாந்தம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீள்வது. அதில் எலும்புகள் சொன்ன சேதி பெரிதுதான். ஆனால் அந்தச் சேதியைக் காதில் போட்டுக்கொள்ள மறுத்த கல்விமான்களுடைய பிடிவாதமும் மனித இயல்பைப் பற்றி அதற்குக் குறையாத ஒன்றைச் சொல்லுகிறது என்பது என் அபிப்பிராயம்.

யூஜீன் தூபுவா என்ற டச்சு வைத்தியர் 1887ல் ராணுவ வைத்தியராக வேலை ஏற்றுக்கொண்டு கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். நோயாளிகளைப் பார்ப்பது அவருக்குப் பிழைப்பு. மனிதனுக்கும் வானரத்துக்கும் இடைப்பட்ட பிராணியின் எலும்பைக் கண்டெடுப்பதே உத்தேசம். சுமத்ராவில் ஏமாந்து, ஜாவாவுக்கு மாறி, சோலோ நதிக்கரையில் திரினில் என்ற இடத்தில் தோண்டச் செய்து, 1891ல் ஒரு மண்டையோட்டின் மேல்மூடியையும், மறு வருஷம் சிறிது தூரத்தில் ஒரு தொடையெலும்பையும் எடுத்தார். மண்டையோடு தாழ்ந்தது, புருவமேடு தடித்தது, நமக்குச் சராசரி 1,350 கன சென்டிமீட்டர் மூளை என்றால் அதற்குச் சுமார் 900 மட்டுமே இடமளிப்பது. தொடையெலும்போ நம்முடையதினின்று பிரித்தறிய முடியாதபடி நேரானது. நிமிர்ந்து நடந்த வானர மனிதன் என்று பொருள்படும் லத்தீன் பெயரை அவர் சூட்டியபோது, பெயரிலேயே விவாதத்தின் விதை இருந்தது. கூர்ந்து பார்த்தவர்கள் அந்தத் தொடையெலும்பு பிற்காலத்து மனிதனுடையதாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். ஆனால் பின்னால் வேறு இடங்களில் அகப்பட்ட அதே இனத்தின் எலும்புகள் தூபுவா சொன்னது சரி என்று காட்டிவிட்டன. அவர் காலத்தில் அது எடுபடவில்லை. மனம் கசந்து, நெடுங்காலம் அந்த எலும்புகளைப் பிறர் பார்வைக்கே கொடாமல் பூட்டி வைத்திருந்தார்.

அறிஞர்களுடைய மனம் எந்தச் சான்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்ததோ அது, 1912 டிசம்பர் 18ஆம் தேதி, லண்டன் புவியியல் சங்கத்தின் கூட்டத்தில், கேட்டது கேட்டபடியே வந்து சேர்ந்தது. சஸெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்னும் சிற்றூரின் சரளைக்குழியிலிருந்து சார்லஸ் டாஸன் என்ற வக்கீலும், பிரிட்டிஷ் மியூசியத்தில் புவியியல் பிரிவின் தலைவரான ஆர்தர் ஸ்மித் வுட்வர்டும் கொண்டுவந்து வைத்த துண்டுகளில், கபாலம் நம்முடையதைப் போன்றே விசாலமாகவும், தாடை வாலில்லாக் குரங்கின் தாடையாகவும் இருந்தன. மூளை முந்தியது, மற்ற அங்கங்கள் பின்னால் வந்து சேர்ந்தன என்ற சித்தாந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுமா? அதுவும் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ அன்று, இங்கிலாந்தின் மண்ணிலேயே! மறு வருஷம் காணாமற்போன கோரைப்பல் அகப்பட்டது. அதற்கும் மறு வருஷம் யானை எலும்பில் செதுக்கிய ஒரு கருவி, கிரிக்கெட் மட்டையின் வடிவத்தை ஏறக்குறைய ஒத்ததாக, வெளிப்பட்டது. முதல் ஆங்கிலேயன் கையில் வேறென்ன இருக்கும் என்று பரிகாசம் செய்ய அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

டாஸன் 1916ல் இறந்தார். அத்துடன் குழியும் வற்றிவிட்டது. ஸ்மித் வுட்வர்ட் மட்டும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவ்வூர்ப் பக்கத்திலேயே குடியேறித் தோண்டிக்கொண்டிருந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எழுதிய நூல், அவர் மறைந்து நான்கு வருஷம் கழித்து, 1948ல் ‘முதல் ஆங்கிலேயன்’ என்ற பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. ஐந்தே வருஷங்களில், 1953 நவம்பரில், கென்னத் ஓக்லி, ஜோஸப் வீனர், லெ க்ரோஸ் கிளார்க் ஆகிய மூவரும் அந்த முதல் ஆங்கிலேயனை அடையாளம் கண்டு சொன்னார்கள்: கபாலம் சமீப காலத்து மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது, நிறம் சாயத்தில் ஊறவைத்து ஏற்றியது. பூதக்கண்ணாடியின் கீழ் பார்த்தால் கடைவாய்ப் பற்களின் மேல் அரத்தால் ராவிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. பக்கத்துப் பக்கத்துப் பற்கள் இரண்டும் ஒரே வாயில் தேய்ந்தவையாக இராமல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் தேய்ந்திருந்தன. தாடை கபாலத்தோடு பொருந்தும் மூட்டு மட்டும் ஜாக்கிரதையாக உடைத்தெடுக்கப்பட்டிருந்தது. அது இருந்திருந்தால் பொருந்தாத பொருத்தம் முதல் நாளே அம்பலமாகியிருக்கும். இவ்வளவு கரடுமுரடான மோசடி நாற்பது வருஷம் செல்லுபடியானதற்குப் பரிசோதனை முறைகள் அப்போது இல்லாததும் ஒரு காரணம், கேட்டவர்களுக்கு மூலத்தைக் காட்டாமல் பெரும்பாலும் சாந்துப் பிரதிகளையே காட்டி அனுப்பியதும் ஒரு காரணம். தாடை வேறு, மண்டை வேறு என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.  மோசடி செய்தவனுடைய சாமர்த்தியத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அவனுக்குக் கைத்திறமை அதிகம் இருந்ததாகத் தோன்றவில்லை, படித்தவர்களுடைய ஆசை இன்னதென்ற ஞானம் மட்டும் பூரணமாக இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்ஸில் நேர்மையான ஒருவருடைய கையாலேயே இதற்கு இணையான ஒரு காரியம் நடந்தது. லா ஷபேல் என்ற ஊரின் குகையில் 1908ல் அகப்பட்ட நியாண்டர்தால் கிழவனுடைய எலும்புக்கூட்டை ஆராய்ந்த மார்ஸலின் பூல், அவனுடைய மூளை நம்முடையதற்குச் சிறிதும் குறையாதது, உண்மையில் பெரிது என்பதை அளந்து அறிந்துகொண்டார். அறிந்துகொண்டும், அவன் முழங்கால் மடங்க, கழுத்து முன்னே தொங்கக் கூனிக் கூனி நடந்தவன் என்று எழுதினார். தலையில் மறுக்க முடியாததைக் காலில் மறுத்துவிட்டார் என்று சொல்லலாம். பள்ளிக்கூடப் படங்களில் இன்றைக்கும் தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற ஆதிமனிதன் பூலினுடைய மானச புத்திரன். அந்தக் கிழவனுக்கு மூட்டுவாதம் இருந்தது என்பதையும், மற்றபடி அவன் வம்சத்தார் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தவர்கள் என்பதையும் 1957ல்தான் இருவர் மறுபடி எலும்புகளைப் பார்த்துச் சொன்னார்கள்.

இந்தச் சூழ்நிலையில் 1924ன் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் ரேமண்ட் டார்ட்டுக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ஜோஹானஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பேராசிரியர், வயது முப்பத்தொன்று. டாங் என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்து இறங்கிய தினம், அவர் வீட்டிலேயே ஒரு நண்பருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக உடுத்திக்கொண்டிருந்தவர், மனைவி தடுத்தும் கேளாமல், கழுத்துப் பட்டையை அவிழ்த்தெறிந்துவிட்டுப் பெட்டியைப் பெயர்த்தார் என்பது அவரே பிற்காலத்தில் எழுதிய கதை. இரண்டாவது பெட்டியில் ஒரு மூளையின் வார்ப்பு, கபாலத்துக்குள் சுண்ணாம்பு புகுந்து இயற்கையே வார்த்தது, இருந்தது. அது சரியாகப் பொருந்துகிற ஒரு கல்லும் கூட இருந்தது. அந்தக் கல்லுக்குள் முகம் மறைந்திருந்தது. மனைவியின் பின்னல் ஊசிகளைத் தீட்டி வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் கல்லைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டி, டிசம்பர் 23ஆம் தேதி முகத்தை வெளியே கொண்டுவந்தார். பால்பற்கள் நிறைந்து, முதல் நிலைப்பல் அப்போதுதான் முளைவிட்டிருந்த ஒரு குழந்தை.

முகமும் மூளையும் வியப்பளித்தன என்றாலும், டார்ட்டை நிமிர்ந்து உட்காரச் செய்தது கபாலத்தின் அடிப்பக்கத்தில், தண்டுவடம் மூளையோடு சேரும் வழியாகிய பெரிய துவாரம். நான்கு காலில் செல்லும் பிராணியின் தலை முதுகெலும்பின் நுனியில் முன்னோக்கித் தொங்குவதனால், அதற்கு அந்தத் துவாரம் பின்புறத்தில் அமைந்திருக்கும். இரண்டு காலில் நிமிர்ந்து செல்லும் பிராணிக்கோ, நீர் நிறைந்த குடத்தைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக் கைவிட்டு நடக்கிற பெண்ணைப் போல, தலையின் பாரம் முழுவதும் முதுகெலும்பின் உச்சியில் சமனாக நிற்க வேண்டியிருப்பதனால், துவாரம் அடியின் நடுவுக்கு நகர்ந்துவிடும். டாங் குழந்தையின் கபாலத்தில் அது நகர்ந்திருந்தது. மூளையோ சுமார் 400 கன சென்டிமீட்டர், ஒரு சிம்பன்ஸியின் அளவு. இதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: இந்தக் குழந்தை நடந்தது, நடந்தபோது அதற்கு மனித மூளை இல்லை. 1925 பிப்ரவரி 7ஆம் தேதி ‘நேச்சர்’ பத்திரிகையில் டார்ட் இதைப் பிரசுரித்தார்.

லண்டன் ஏற்கவில்லை. பில்ட்டவுன் மனிதனை உச்சிமேல் வைத்துக் கொண்டாடியவர்களில் முதல்வரான ஆர்தர் கீத், இது கொரில்லாவுக்கும் சிம்பன்ஸிக்கும் தாயாதியே அன்றி மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்றார். குட்டி வானரங்களுக்கும் அந்தத் துவாரம் சற்று முன்தள்ளியே இருக்கும், வளர்ந்த பிராணி ஒன்று கிடைக்கட்டும் என்ற ஆட்சேபத்தில் நியாயமும் இல்லாமல் இல்லை. வளர்ந்தவற்றை ராபர்ட் புரூம் 1936 முதல் ஸ்டெர்க்ஃபோன்டெயின் குகைகளில் எடுத்துக் காட்டினார். இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1947ல், டார்ட் சொன்னதே சரி, தாம் சொன்னது தவறு என்று கீத் அதே நேச்சர் பத்திரிகையில் எழுதினார்; கல்விமான்களிடையே இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் அரிது, அதற்காக அவரை மெச்ச வேண்டும். ஆனால் மறு வருஷமே அவர் ஒரு நூலில், 750 கன சென்டிமீட்டர் மூளையை எட்டாத எதையும் மனிதன் என்று அழைக்கலாகாது என்று ஓர் எல்லைக் கோடு கிழித்தார். கால் வாசலைக் கடந்துவிட்டது, உள்ளே வர அனுமதி கொடுப்பது இன்னமும் தலைதான் என்பது இதன் தாத்பரியம். பில்ட்டவுன் அம்பலமானதை உயிரோடிருந்து கேட்டுவிட்டு, 1955 ஜனவரியில் அவர் காலமானார்.

எத்தியோப்பியாவில் ஹாடார் என்ற வறண்ட பள்ளத்தாக்கில் 1974 நவம்பர் 24ஆம் தேதி டொனால்ட் ஜொஹான்ஸன் கண்டெடுத்த லூஸியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அந்தப் பெயர் வந்த பீட்டில்ஸ் பாட்டு உட்பட எல்லாம் எல்லாரும் அறிந்ததே. 32 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய உடம்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு எலும்பு ஒருங்கே கிடைத்தது என்பதும், இடுப்பு அகன்று குட்டையாக, தொடையெலும்பு முழங்காலை நோக்கி உட்புறம் சரிந்து, சந்தேகத்துக்கு இடமின்றி நடக்கிறவளுடைய அமைப்பாக இருந்தது என்பதும்தான் நம்முடைய பிரகரணத்துக்கு வேண்டியவை. கைகள் நீண்டிருந்தன, மரமேறுவதை அவள் முற்றிலும் விட்டுவிடவில்லை.

எலும்பைப் பார்த்து நடையை ஊகிப்பது ஒன்று, நடையையே பார்ப்பது மற்றொன்று. தான்ஸானியாவில், ஓல்டுவாய் பள்ளத்தாக்குக்குத் தெற்கே லெய்டோலி என்ற இடத்தில் அந்தப் பாக்கியமும் கிட்டியது. 1976ல், அங்கே ஆராய்ந்துகொண்டிருந்த மேரி லீக்கியின் கூடாரத்துக்கு விருந்தாளிகளாக வந்த விஞ்ஞானிகள், மாலைப்பொழுதைப் போக்க வழியின்றி, உலர்ந்த யானைச் சாணத்தை ஒருவர் மேல் ஒருவர் வீசி விளையாடிக்கொண்டிருக்கையில், வீச்சுக்குத் தப்பத் தரையில் விழுந்த ஆண்ட்ரூ ஹில், தம் மூக்குக்கு நேரே பாறையில் மிருகங்களின் குளம்புத் தடங்களையும் மழைத்துளிகள் விழுந்த குழிகளையும் கண்டார். இரண்டு வருஷம் கழித்து, 1978ல், அதே சாம்பல் படுகையில் மனிதத் தடங்கள் வெளிப்பட்டன. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை ஒன்று மெல்லிய சாம்பலைத் தூவியிருக்கிறது. அதன் மேல் தூறல் விழுந்திருக்கிறது. ஈரம் காயும் முன் முயலும் கினிக்கோழியும் மானும் மூன்று விரல் குதிரையும் அதைக் கடந்திருக்கின்றன. அவற்றினூடே இரண்டு காலில் செல்லும் சிலரும் கடந்திருக்கிறார்கள். அந்தச் சாம்பலின் ரசாயனக் குணத்தால் அது வெயிலில் இறுகிக் கல்லாகவும், மேலே மறுபடியும் சாம்பல் விழுந்து மூடிக்கொண்டது.

ஏறக்குறைய 27 மீட்டர் நீளத்துக்குச் சுமார் எழுபது அடிச்சுவடுகள். அவற்றில் குதிகால் பதிந்த குழி ஆழமானது. உடம்பின் பாரம் முதலில் அங்கே இறங்கிப் பாதத்தின் வெளியோரமாக ஓடி, பெருவிரலின் அடியில் உந்திக்கொண்டு கிளம்பியிருக்கிறது. பெருவிரலோ கிளையைப் பற்றும் வானர விரலைப் போல விலகி நில்லாமல் மற்ற விரல்களோடு அணிவகுத்து நிற்கிறது. சாயங்காலம் மெரினா மணலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவன் தன் பின்னால் காண்பதற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல நிபுணன் ஒருவன் வேண்டும். இடப்புறம் ஒரு சிறிய அடி, வலப்புறம் ஒரு பெரிய அடி. பெரிய அடியின் தடத்துக்குள்ளேயே மூன்றாமவர் ஒருவர் கால் வைத்து வந்திருக்கிறார். ஓரிடத்தில் சிறிய அடிக்குரியவர் தயங்கி இடப்புறம் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே நடந்தார் என்று மேரி லீக்கி கருதினார்.

இதைக் கேட்டவுடன் மனம் என்ன செய்கிறது பாருங்கள். நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இந்த நடையைப் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் ஆண் ஒருவன் பெண்ணின் தோளை அணைத்துக்கொண்டு நடக்கிறான். சாம்பலில் தோளின் தடம் விழாது. அவர்கள் ஆணும் பெண்ணுமா, தாயும் மக்களுமா, மூன்று சகோதரிகளா, ஒரே நேரத்தில்தான் நடந்தார்களா என்பதற்கு ஒரு சாட்சியமும் இல்லை. ஆனால் தம்பதிகளாக்கிக் குடும்பம் ஒன்றைக் கற்பித்தால்தான் நமக்கு நிம்மதி. 2015ல் அருகிலேயே வேறு இருவருடைய தடங்கள் கண்டுபிடிக்கப்பட்டு, அவர்களில் ஒருவர் மற்ற எல்லாரையும்விட மிக உயரமானவர் என்று தெரிந்தபோது, கற்பித்த குடும்பத்தின் சம்சாரக் கணக்கு மேலும் சிக்கலாகிவிட்டது. தடங்களை முதல் முறை மணலிட்டு மூடிப் பாதுகாத்தபோது அந்த மணலில் கிடந்த விதைகளிலிருந்து கருவேல இனத்து மரங்கள் முளைத்து வேரோடத் தொடங்கின என்பதும், 1995-96ல் மறுபடி திறந்து மரங்களை அகற்றி மூடினார்கள் என்பதும் உபகதை.

இனி, ஏன் நிமிர்ந்தோம் என்ற கேள்வி. கைகளுக்கு ஓய்வு கொடுத்துக் கருவி செய்வதற்காகத்தான் என்று 1871லேயே டார்வின் எழுதியது அழகான யோசனை. ஆனால் நமக்குக் கிடைத்துள்ளவற்றில் மிகப் பழைய கற்கருவிகள், கென்யாவின் லொமெக்வியில் எடுத்தவை, 33 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. அதற்கு எத்தனையோ லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கால்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. காடு அழிந்து புல்வெளி பரவியதால் இறங்கினோம் என்பதும் பாதி மெய்தான். 44 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய, ஆர்டி என்று செல்லப்பெயர் பெற்ற பிராணியின் எலும்புகள், மரங்கள் அடர்ந்த சூழலிலேயே, பெருவிரல் இன்னமும் கிளை பற்றும் நிலையிலேயே, ஒருவிதமான இருகால் நடை ஆரம்பித்துவிட்டதைக் காட்டுகின்றன. எனக்கு மனத்தில் படிவது சிக்கனக் கணக்கு. சிம்பன்ஸிகளை ஓடுபட்டையின் மேல் நடக்கவிட்டு மூச்சை அளந்த ஒரு பரிசோதனை 2007ல் வெளியாயிற்று: முட்டி ஊன்றி அவை நடப்பதற்குச் செலவாகும் சக்தியில் கால் பங்குதான் மனிதன் நடப்பதற்கு ஆகிறது. பழமரத்துக்கும் பழமரத்துக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டு போகிற ஒரு தேசத்தில், இந்த மிச்சத்தைத் தவிர வேறு மகத்தான நோக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

மிச்சம் பிடித்ததற்கு வட்டியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நான்கு தூண்களின் மேல் பாலமாகக் கிடப்பதற்கு ஏற்பட்ட முதுகெலும்பை நிறுத்தி வைத்துக் கோபுரமாக்கியதன் பலன், இந்த வரிகளை எழுதுகிறவனுக்கும் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கும் இடுப்பில் தெரியும். ஆனால் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். நடைக்கு இடுப்பெலும்பு குறுகியும் திரும்பியும் அமைய வேண்டும். பிறகு பல லட்சம் ஆண்டுகள் கழித்துத் தலை பெருக்கத் தொடங்கியபோது, கால் தனக்கென்று முன்பே வகுத்துவிட்ட வாசல் வழியாகவே அது வெளியே வர வேண்டியதாயிற்று. சிம்பன்ஸிக் குட்டி சுலபமாக வந்துவிடுகிறது. தாய் தானே கையால் எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். மனிதக் குழந்தை பக்கவாட்டில் தலையைக் கொடுத்து, உள்ளேயே ஒரு திருப்பம் திரும்பி, பெரும்பாலும் தாயின் முதுகுப்புறம் பார்த்தபடி பிறக்கிறது. முகத்தைத் துடைக்கவும், கழுத்தில் சுற்றிய கொடியை விலக்கவும் தாயின் கைக்கு எட்டாது. ஆகவே இன்னொரு பெண் அருகே வேண்டும். மருத்துவச்சியின் தொழில் குயவர் தொழிலுக்கும் உழவுக்கும் மிக மூத்தது என்று சொல்லுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நான் எண்ணவில்லை. அப்படிப் பிறக்கும் சிசுவின் மூளை வளர்ந்த சிம்பன்ஸியின் மூளையளவே இருக்கிறது; மீதி வளர்ச்சியெல்லாம் வெளியே வந்து, பிறர் மடியில்தான். வாசலின் குறுக்கம்தான் இப்படி முற்றாத பிறப்புக்குக் காரணமா, அல்லது அதற்கு மேல் சிசுவைப் போஷிக்கத் தாயின் உடம்பில் சக்தி இல்லாமைதான் காரணமா என்று இப்போது வழக்கு நடக்கிறது; இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

நடந்த கால்கள் எவ்வளவு தூரம் சென்றன என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சியம் உண்டு. 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் சரளைக்குழியொன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அதிகாரி கையில் எடுத்த கல், இந்தியாவில் அறியப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவிகளுள் ஒன்று. அதே வருஷம் கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கத்தில் அவரும் வில்லியம் கிங்கும் அத்தகைய கற்களைக் குவியலாகக் கண்டார்கள். அந்த இடத்தைச் சாந்தி பப்புவும் சகாக்களும் பல வருஷம் தோண்டி, அடித்தளத்துக் கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011ல் வெளியிட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் குவார்ட்ஸைட் கல். இரு முகமும் செதுக்கி, ஒரு முனை கூர்மையாக, விளிம்பு முழுவதும் பதமாக. இந்த வேலையைச் செய்தவனுடைய ஓர் எலும்பு, ஒரு பல், அங்கே கிடைக்கவில்லை. அவன் தலை எவ்வளவு பெரிதென்று யாராலும் அளக்க முடியாது. அவன் ஆப்பிரிக்காவின் வம்சத்தவன் என்றால், இவ்வளவு தூரம் வந்த மார்க்கம் கால்நடை மார்க்கம் என்பது மட்டும் நிச்சயம்.

தலையை அளந்து பட்டம் கொடுக்கும் வழக்கம் இதற்குள் தளர்ந்துகொண்டே வந்திருந்தது. ஓல்டுவாயில் அகப்பட்ட எலும்புகளுக்கு 1964ல் ‘ஹோமோ’ என்ற மனிதப் பேரினப் பெயரைக் கொடுப்பதற்காகக் கீத்தின் 750 என்ற கோட்டை 600க்கு இறக்கினார்கள். 2003ல் இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவில், லியாங் புவா குகையில், ஒரு மீட்டருக்குச் சற்றே கூடிய உயரமுள்ள ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அகப்பட்டபோது, அந்த 600ம் போதவில்லை. அவளுடைய மூளை சுமார் 400, டாங் குழந்தையினுடையதும் லூஸியினுடையதும் போல. ஆனால் அவள் காலமோ, இன்றைய கணக்கின்படி, லட்சம் ஆண்டுகளுக்கும் அறுபதினாயிரத்துக்கும் இடைப்பட்டது, ஆப்பிரிக்காவில் நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றி வெகுகாலம் ஆன பிறகு. அவள் இனத்தார் கற்கருவி செய்தார்கள். கடல் எவ்வளவு வற்றினாலும் கண்டத்தோடு ஒட்டாத ஒரு தீவை எப்படியோ அடைந்திருந்தார்கள். காலுக்கு ஏற்ற அளவில்லாமல் பாதம் மிக நீண்டு, தட்டையாக, பெருவிரல் மட்டும் மற்றவற்றோடு ஒழுங்காக அணிசேர்ந்து இருந்தது.

இவள் நோயாளி என்றார்கள். மூளை சிறுத்துப் பிறந்த, நம் இனத்தையே சேர்ந்த ஒரு துர்ப்பாக்கியவதி என்று பெயர்பெற்ற பண்டிதர்கள் சிலர் கட்டுரை மேல் கட்டுரையாக வாதித்தார்கள். ஒரு நோய் பொருந்தாதபோது வேறொரு நோயைக் கொண்டுவந்தார்கள். 1925ல் டாங் குழந்தையைக் கொரில்லாவின் தாயாதி என்று ஒதுக்கியவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள உறவு, எலும்பில் தெரியாவிட்டாலும், வாதத்தில் தெரிகிறது. அதே தீவில் மாத்தா மெங்கே என்ற இடத்தில் ஏழு லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய தாடையும் பற்களும் 2014ல் கிடைத்தன. லியாங் புவாப் பெண்ணினுடையவற்றைக் காட்டிலும் அவை சற்றுச் சிறியவை. அங்கே கிடைத்த மேற்கை எலும்பொன்றைப் பற்றிய கட்டுரை 2024ல் வெளிவந்தது: வளர்ந்து முற்றிய ஒருவருடையது, அதுவும் அவளுடையதைவிடச் சிறியது. ஆறு லட்சம் ஆண்டுகள் ஒரு குலம் முழுவதையும் விடாமல் பீடித்து, பீடித்தபடியே கல் கொத்தவும் செய்த அந்த நோயின் பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை. நோய்க் கட்சியும் இப்போது குரலைத் தணித்துக்கொண்டிருக்கிறது.